மின்மாற்றிக்கு அடியில்

ஷென்ஜென் நகரத்து லோங்ஹுவாவில் மார்ச் மாதத்தில் பத்துப் பதினைந்து நாள் சுவர்கள் வியர்க்கும். தெற்கிலிருந்து ஈரக்காற்று வந்ததும் தரை, ஜன்னல் கண்ணாடி, மாடிப்படிக் கைப்பிடி எல்லாம் சொட்டச் சொட்ட நனைந்துவிடும். துவைத்துப் போட்ட சட்டை ஒரு வாரமானாலும் காயாது. அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை காலையில்தான் அந்த சார்ஜர் எங்கள் கடைக்கு வந்தது.

எங்களுடையது சர்க்யூட் போர்டு நகலெடுக்கும் கடை. யாராவது ஒரு போர்டைக் கொண்டுவந்து இதே மாதிரி வேண்டும் என்பார்கள். யாருடையது என்று நாங்கள் கேட்பதில்லை. நான் சூட்டுக்காற்று வைத்து பாகங்களை ஒவ்வொன்றாகக் கழற்றுவேன். பக்கத்து மேசையில் துவான் லியன் அவற்றை அளந்து, கணினியில் ஒவ்வொன்றுக்கும் தடம் வரைவாள். ஒரு பாகத்தின் கால்கள் போர்டில் எங்கே இறங்க வேண்டும், எத்தனை அகலத்தில் செம்புத் திட்டு வேண்டும், எது ஒன்றாம் கால் என்றெல்லாம் சொல்லும் சின்னப் படத்தைத்தான் தடம் என்போம். ஒரு முறை வரைந்து நூலகம் என்கிற கணினிக் கோப்பில் சேமித்துவிட்டால், எத்தனை போர்டுக்கு வேண்டுமானாலும் அதையே எடுத்து வைக்கலாம். சரியாக வரைந்தால் சரி. தப்பாக வரைந்தால் அந்தத் தப்பும் அத்தனை போர்டுக்கும் போகும்.

லியனுக்கு முப்பத்தெட்டு வயது. ஆறு வருடமாக என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தேவைக்கு மேல் பேசமாட்டாள். அதிகம் பேசுவது எங்கள் முதலாளி கோங்தான்; வயதில் எங்கள் இருவரையும்விடச் சின்னவர்.

அது மின்சார ஸ்கூட்டருக்கான சார்ஜர். நான் முதலில் ஒரு எட்டுக்கால் சில்லைத் தூக்கினேன். அதற்கு அடியில், வழக்கமாக வெறும் பச்சையாக இருக்கும் இடத்தில், வெள்ளை மையில் ஒரு சின்ன வளையம் இருந்தது. கடுகளவுதான். முழு வளையமும் இல்லை. ஒரு இடத்தில் விட்டுப்போயிருந்தது. அந்த இடைவெளி ஒன்றாம் காலைப் பார்த்து இருந்தது.

அச்சுக் கோளாறு என்று நினைத்து லியனிடம் காட்டினேன். உருப்பெருக்கியில் பார்த்தவள் நிமிரவே இல்லை. அடுத்ததையும் எடுக்கச் சொன்னாள். எடுத்தேன். அதற்கடியிலும் வளையம். அதற்கடுத்ததற்கும். எல்லாவற்றிலும் இடைவெளி ஒன்றாம் காலைப் பார்த்தே இருந்தது. லியன் போர்டைத் திருப்பி, ஓரத்தில் அச்சடித்திருந்த தேதியைப் படித்தாள். அந்த வருடத்தின் ஐந்தாவது வாரம். அதாவது ஆறு வாரத்துக்கு முன்பு செய்த போர்டு.

"பாங் அண்ணே, இந்தக் குறி உலகத்துல ரெண்டு பேருக்குத்தான் தெரியும்" என்றாள். "ஒருத்தி நான். இன்னொருத்தர் செத்து எட்டு வருஷம் ஆச்சு."

பிறகு அவள் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

அவள் வேலை கற்றது ஒரு சார்ஜர் கம்பெனியில். இப்போது அந்தக் கம்பெனி இல்லை. அங்கே யான் போ என்று ஒரு எஞ்சினியர், ஹூனான் மாகாணத்து லெய்யாங்காரர். இவளைவிட நாலைந்து வயது மூத்தவர். இவள் வரையும் தடத்தை அவர் சரிபார்ப்பார். கணினியில் பார்ப்பதோடு விடமாட்டார். அசல் அளவில் காகிதத்தில் அச்செடுத்து, பாகத்தை அதன்மேல் உட்கார வைத்து, ஒவ்வொரு காலாகக் குனிந்து பார்ப்பார். சரியாக இருந்தால் தன் கணினியிலிருந்து அந்த வளையத்தை வரைந்து வைப்பார். பாகத்துக்கு அடியில் மறைந்துவிடுகிற இடம் என்பதால் அது வேறு யாருக்கும் தெரியாது. வளையம் இல்லாத தடத்தை லியன் எடுக்கக்கூடாது என்பது அவர்களுக்குள் இருந்த ஒப்பந்தம்.

ஒரு முறை அவர் இரண்டு நாள் குவாங்ஜோவுக்குப் போயிருந்தார். அவசரமாக ஒரு மின்மாற்றிக்குத் தடம் தேவைப்பட்டது. லியன் வரைந்தாள். செம்புத் திட்டுகளை உள்பக்கமாக நீட்டிவிட்டாள். வீட்டு மின்சாரம் வரும் பக்கத்துக்கும் வெளியே போகும் பக்கத்துக்கும் நடுவே குறைந்தது ஆறு மில்லிமீட்டர் இருந்திருக்க வேண்டும். இரண்டே முக்கால்தான் இருந்தது. யான் பார்த்துவிட்டாரா என்று மேலாளர் கேட்டார். பார்த்துவிட்டார் என்று சொல்லிவிட்டாள்.

அடுத்த வருடம் மார்ச்சில், சுவர் வியர்க்கிற இதே நாட்களில், ஒரு வாடகை அறையில் அந்த சார்ஜர் பற்றிக்கொண்டது. இரவு ஷிஃப்ட் முடித்துப் பகலில் தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் புகையில் செத்துப்போனார். விசாரணை நடந்தது. யாரும் லியனைக் கேட்கவில்லை. யான் போவைத்தான் கேட்டார்கள். அவர், "நான்தான் பார்த்தேன், பார்த்து அனுமதித்தேன்" என்றார். லியன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு வாரம் கழித்து தாபெங் கடற்கரையில் ஒரு பாறைமேல் அவருடைய செருப்பும் அலுவலக அட்டையும் கிடைத்தன. உடல் கிடைக்கவில்லை.

"ஒருவேளை ஊர்லேர்ந்து வந்ததும் நெஜமாவே பாத்திருப்பாரோன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்" என்றாள் லியன். "பாத்து அவரும் கவனிக்காம விட்டுருப்பாரு. அப்படித்தான் இத்தனை வருஷம் சோறு இறங்குச்சு."

நூலகக் கோப்புகள் கைமாறுவது சகஜம், வேலை மாறுகிறவன் பென்டிரைவில் போட்டுக்கொண்டு போவான், அவருடைய பழைய கோப்பை எவனோ வைத்திருக்கிறான் என்று நான் சொன்னேன். அவள் நான் கழற்றி வைத்த பாகங்களில் ஒன்றை இடுக்கியால் எடுத்துக் காட்டினாள். பேட்டரியைக் கண்காணிக்கும் சில்லு. சந்தைக்கு வந்தே இரண்டு வருடம்தான் ஆகிறது என்று எனக்கும் தெரியும். அதற்கு அடியிலும் வளையம் இருந்தது.

என் கழுத்தின் பின்பக்கம் ஈரமாக இருந்தது. சுவரும் ஈரமாகத்தான் இருந்தது.

மிச்சமிருந்தது மின்மாற்றி மட்டும். அதை எடுக்கும்போது லியன் எழுந்து என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள். ஈயம் உருகியதும் தூக்கினேன். அடியில் எதுவும் இல்லை. வெறும் பச்சை. அவள் வெர்னியர் அளவுகோலை வைத்து நடுவில் அளந்தாள். இரண்டே முக்கால். திட்டின் நீளத்தையும் அளந்தாள். அளவைப் படிப்பதற்கு முன்பே எண்ணைச் சொன்னாள்; படித்தபோது அதேதான் வந்தது. ஒன்பது வருடத்துக்கு முன்பு அவள் கையால் தட்டிய எண்.

முதலாளியிடம் போய் இதை நகலெடுக்கக்கூடாது, தீப்பிடிக்கும் என்றாள். கோங் தேநீர்க் கோப்பையை வைக்கவில்லை.

"லியன் அக்கா, நாம என்ன ஆஸ்பத்திரியா நடத்தறோம்? நகல் கடை. நொண்டிக் குதிரைய கொண்டாந்தா நொண்டிக் குதிரையாத்தான் திருப்பித் தரணும். நீங்க கால சரிபண்ணிட்டா அது என் குதிரை இல்லன்னு சண்டைக்கு வருவான்."

மின்மாற்றியின் தடத்தை மட்டும் தான் வரையப்போவதில்லை என்று சொல்லிவிட்டு அவள் பையை எடுத்தாள். போர்டின் பின்பக்கம் தயாரித்த தொழிற்சாலையின் குறியீடு இருந்தது; தொழிற்சாலை பக்கத்து நகரமான டோங்குவானில். எனக்கு அங்கே போக ஒரு காரணமும் இல்லை. ஆனால் அந்த வளையங்களைக் கண்டுபிடித்தவன் நான்தான். கோங்கிடம் வயிற்றுவலி என்று சொன்னேன். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்திலா என்று கேட்டுவிட்டு, போகச் சொன்னார்.

தொழிற்சாலை மூன்று மாடிக் கட்டடம். வாசலில் போட்டிருந்த அட்டைப்பெட்டிகள் ஈரத்தில் ஊறி உப்பியிருந்தன. அங்கே போர்டு வடிவமைப்பது ஒரே ஒரு பெண், வெய் சின், இருபத்தாறு வயது. நகல் கடைக்காரர்கள் என்று துரத்துவாள் என்று நினைத்தேன். லியன் நேராக வளையத்தைப் பற்றிக் கேட்டதும் அந்தப் பெண் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

நூலகம் தனக்கு முன்பு இருந்தவர் விட்டுப்போனது, அவருக்கு யார் கொடுத்தார்கள் என்று தெரியாது என்றாள். திருட்டுக்குப் பயந்து அந்தக் கணினியை இணையத்தோடு சேர்ப்பதில்லை. அந்த அறைக்குச் சாவியும் அவளிடம் மட்டும்தான். லியன் அந்தப் புதுச் சில்லின் தடத்தை யார் வரைந்தது என்று கேட்டாள்.

"நான்தான்."

"அந்த வளையம்?"

"அத நான் போடலக்கா. அது தானா வரும்."

நான் சிரித்துவிட்டேன். வெய் சின் சிரிக்கவில்லை.

"வரைஞ்சு சேவ் பண்ணிட்டு மூடிடுவேன். அளவு சரியா இருந்தா, மறுபடி திறக்கும்போது குறி இருக்கும். இல்லன்னா எங்கயோ தப்புன்னு அர்த்தம். திரும்ப அளந்தா ஏதாவது ஒரு கால் தள்ளி நிக்கும்."

உனக்குப் பயமாக இல்லையா என்று கேட்டேன்.

"மொதல்ல சாஃப்ட்வேர்தான் போடுதுன்னு நெனச்சேன். வேற கம்பெனில இருக்கற ஃபிரெண்ட கேட்டா, அப்படி ஒண்ணு கெடையவே கெடையாதுன்னா. அதுக்கப்புறம் யாரையும் கேக்கல." திரையைக் காட்டிச் சொன்னாள். "ஆனா தப்பே விடறதில்லண்ணே. எங்க மேனேஜர விட நல்லா பாக்குது."

மின்மாற்றியின் தடத்துக்கு மட்டும் ஏன் குறி இல்லை என்று லியன் கேட்டாள். அந்தத் தடம் தான் வருவதற்கு முன்பிருந்தே நூலகத்தில் இருந்ததாகவும், குறி இல்லாததால் சந்தேகப்பட்டு ஒரு முறை மேலாளரிடம் சொன்னதாகவும், சோதனையில் எல்லாம் தேறுகிறது, ஓடுவதை நோண்டாதே என்று அவர் சொல்லிவிட்டதாகவும் வெய் சின் சொன்னாள்.

லியன் வெய் சின்னின் நாற்காலியில் உட்கார்ந்தாள். பழைய தடத்தைத் தொடாமல் புதிதாக ஒன்றைத் தொடங்கினாள். அவளிடம் மின்மாற்றி ஒன்றை வாங்கி ஒவ்வொரு காலையும் மூன்று முறை அளந்தாள். திட்டுகளை வெளிப்பக்கமாக நீட்டி, நடுவில் எட்டு மில்லிமீட்டர் விட்டாள். காகிதத்தில் அச்செடுத்து, மின்மாற்றியை மேலே வைத்து, கன்னம் மேசையில் படும்படி குனிந்து பார்த்தாள். அப்படிக் குனிந்து அவள் பார்த்ததை ஆறு வருடத்தில் நான் கண்டதில்லை. சேமித்து மூடினாள்.

அறையைப் பூட்டிவிட்டு மூவரும் உணவுக்கூடத்துக்குப் போனோம். பாகற்காய் போட்ட முட்டைப் பொரியலும் சோறும். லியன் சோற்றைக் கிளறிக்கொண்டே இருந்தாள். திரும்பி வந்து தடத்தைத் திறந்தோம்.

குறி இல்லை.

வெய் சின் மெல்ல, ஏதோ தப்பு இருக்கும் என்றாள். நான் இதெல்லாம் இந்தப் பெண்ணின் கற்பனை என்று முடிவுகட்டி, மனதுக்குள் கொஞ்சம் நிம்மதியும் அடைந்தேன். லியன் மறுபடி வெர்னியரை எடுத்தாள். கால்களுக்கு இடையே உள்ள தூரம் சரி. திட்டுகள் சரி. அரைமணி நேரம் போயிருக்கும். பிறகு கால்களின் தடிமனை அளந்தபோது கை நின்றது. நான்காவது கால் மட்டும் மற்றவற்றைவிடக் கொஞ்சம் தடிமன். அவள் போட்ட துளையில் அது இறுகித்தான் நுழையும். தொழிற்சாலையில் அழுத்தி நுழைத்தால் போர்டு விரிசல் விடும். காகிதத்தில் வைத்துப் பார்க்கும்போது அது தெரிய வழியில்லை. துளையைப் பெரிதாக்கிச் சேமித்தாள்.

இந்த முறை நான் பூட்டை இழுத்துப் பார்த்தேன். மூவரும் தாழ்வாரத்தில் நின்றோம். சுவரில் நீர் கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. பத்து நிமிடம் கழித்து வெய் சின் சாவியைப் போட்டாள். அறையில் ஈரம் உறிஞ்சும் இயந்திரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நாற்காலி நாங்கள் விட்ட இடத்திலேயே இருந்தது.

தடத்தைத் திறந்ததும், எட்டு மில்லிமீட்டர் வெறுமையின் நடுவே, கடுகளவு வளையம். ஒன்றாம் காலைப் பார்த்து.

எனக்கு அந்த அறையில் நிற்கப் பிடிக்கவில்லை. லியன் திரையைப் பார்த்து, எதிர் நாற்காலியில் இருக்கிற ஆளிடம் பேசுகிற குரலில் பேசினாள்.

"அன்னிக்கு நீங்க இதப் பாக்கவே இல்ல, யான் போ. பாத்தேன்னு சொன்னீங்க."

திரையில் எதுவும் நகரவில்லை. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, மேலாளர் எங்கே இருக்கிறார் என்று கேட்டாள்.

மேலாளர் நாங்கள் நினைத்த மாதிரியேதான் இருந்தார். நகல் கடைக்காரி வந்து எனக்கு வடிவமைப்புச் சொல்லித்தருகிறாளா என்று கேட்டார். லியன் வாதாடவில்லை. வேலை செய்யவில்லை என்று வாடிக்கையாளர்கள் திருப்பி அனுப்பிய சார்ஜர்கள் இருக்கிறதா என்று மட்டும் கேட்டாள். ஒரு தட்டு நிறைய இருந்தன. நான் மூன்றை எடுத்து அவர் மேசையிலேயே பிரித்து, மின்மாற்றிகளைக் கழற்றினேன். முதலாவதில் ஒன்றும் இல்லை. இரண்டாவதில் இரண்டு திட்டுகளுக்கும் நடுவே, ஈரத்தில் மின்சாரம் கசிந்து கரிந்து, முடி போல ஒரு கருப்புக் கோடு பாதி தூரம் வந்திருந்தது. மூன்றாவதில் அது ஏறக்குறைய எதிர்க்கரையைத் தொட்டிருந்தது. இன்னும் நாலு ஈரமான நாட்கள் போயிருந்தால் தொட்டிருக்கும்; தொட்டால் தீதான்.

மேலாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு தொலைபேசியை எடுத்து சரக்கு ஏற்றும் கூடத்தை அழைத்து, எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். லியன் அவரிடம், இந்தத் தடத்தை ஒன்பது வருடத்துக்கு முன்பு வரைந்தது தான்தான் என்றும், ஒருவர் இதனால் செத்திருக்கிறார் என்றும், இதை எழுத்தில் தரத் தயார் என்றும் சொன்னாள்.

கடைகளுக்குப் போனதில் பெரும்பகுதி திரும்பி வந்தது. விற்றுப்போனவற்றுக்கு அறிவிப்புக் கொடுத்தார்கள். எங்களுக்குத் தெரிந்தவரை அந்த வருடம் யாரும் சாகவில்லை. லியன் பழைய விசாரணை அலுவலகத்துக்குப் போய் வாக்குமூலம் கொடுத்தாள். மூன்று நாள் வரச்சொல்லிக் கேட்டார்கள். வளையத்தைப் பற்றி அவள் சொல்லவில்லை. சொன்னால் மற்றதையும் நம்பமாட்டார்கள் என்றாள். பழைய அறிக்கையில் யான் போவின் பெயரை நீக்கி, அவளுடைய பெயரைச் சேர்த்து ஒரு தாள் வந்தது. செத்தவரின் மனைவி ஸிச்சுவானில் இருந்தாள். லியன் எழுதிய கடிதத்துக்கு அவளிடமிருந்து பதில் வரவில்லை. கோங் லியனை வேலையைவிட்டு நிறுத்தினார். நிறுத்தும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

ஏப்ரல் தொடக்கத்தில், முன்னோரை வணங்கக் கல்லறை துடைக்கும் நாள். லியன் லெய்யாங்குக்குப் போக வேண்டும், தனியாகப் போகத் தைரியமில்லை என்றாள். நானும் போனேன். உடல் கிடைக்காததால் யான் போவின் அக்கா அவருடைய சட்டைகளைப் பெட்டியில் வைத்துப் புதைத்திருந்தார். மலைச்சரிவில், தேயிலை எண்ணெய் மரங்களுக்கு நடுவே சின்ன மேடு. பெயர்ப்பலகையில் பிறந்த தேதி மட்டும் இருந்தது.

அக்கா குள்ளமாக, கையெல்லாம் மாவோடு இருந்தார். மாசிபத்திரிக் கீரை அரைத்த பச்சை அரிசிமாவை உருண்டை பிடித்து ஆவியில் வைத்துக்கொண்டிருந்தார். லியன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அந்தத் தாளையும் கொடுத்தாள். அக்கா கையைத் துடைத்துவிட்டு அதை இரண்டு முறை படித்தார்.

"எட்டு வருஷமா ஏன் சொல்லல?"

"என்ன யாரும் கேக்கல."

"நானும்தான் கேக்கல" என்றார் அக்கா. "அவன் எனக்கு ஃபோன் பண்ணி, தப்பு என்னோடதுதான்னு சொன்னான். அவன் வேலைல தப்பு வராதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் கேக்கல."

அடுப்பு மேல் இருந்த மூடி படபடத்தது. அக்கா போய் அதை இறக்கினார். எங்களுக்குத் தட்டு வைத்தார். லியன் சாப்பிட மாட்டாள் என்று நினைத்தேன். இரண்டு உருண்டை சாப்பிட்டாள், கண்ணைத் துடைக்காமலே. அக்கா எதிரே உட்கார்ந்து அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு வாசல்வரை வந்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. ஒரு குடையை எடுத்து லியனிடம் நீட்டினார்.

"வந்தது நல்லதுதான். இனிமே வராத."

லியன் குடையை வாங்கிக்கொண்டாள். பேருந்து நிறுத்தம்வரை நாங்கள் இருவரும் அதற்கடியில் நடந்தோம். ஷென்ஜென் வரும்வரை அவள் தூங்கினாள். ஆறு வருடத்தில் அவள் தூங்கி நான் பார்த்தது அன்றுதான்.